தண்ணீர் படாத ஏழு தொட்டிகள்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். உள்ளங்கையில் கற்பூரம் ஏற்றி, அது தானாக அணையும்வரை கையை அசைக்காமல் செய்த சத்தியம். கொப்புளம் இன்னும் ஆறவில்லை. சந்தேகப்படுகிறவர்கள் நேரில் வந்து பார்த்துக்கொள்ளலாம்.

திருமங்கலம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஒரு பரோட்டாக் கடையின் மாடியில் சூடாமணி அம்மாள் துப்பறியும் அலுவலகம் வைத்திருந்தார். முப்பது வருடம் தபால் இலாகாவில் புகார் விசாரித்து ஓய்வு பெற்றவர். குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. அவருக்கு வலது கை, ஆட்டோ ஓட்டும் சோணை. சோணைக்கு வயது நாற்பத்திரண்டு. மீசைக்கு அதைவிடப் பத்து வயது கூட இருக்கும். எந்த வழக்கு வந்தாலும் குற்றவாளி யார் என்று முதல் ஐந்து நிமிடத்திலேயே சொல்லிவிடுவான். இதுவரை பதினேழு வழக்குகளில் சொல்லியிருந்தான். பதினேழும் தப்பு.

பதினெட்டாவது வழக்கு ஒரு வியாழக்கிழமை காலையில் மாடிப்படி ஏறி வந்தது. வந்தவள் பெயர் பாண்டியம்மாள். உதடு கிழிந்து வீங்கியிருந்தது. புருஷனை ஏற்றிக்கொண்டு கிளம்பிய போலீஸ் ஜீப்பின் பின்கதவைப் பிடித்துத் தொங்கியதில் கிழிந்ததாம்.

"எங்க வீட்டுக்காரரு விருமாண்டிய விடியக்காலைல புடிச்சுட்டுப் போயிட்டாங்கம்மா. பக்கத்துத் தோட்டத்து சீதாராமய்யாவ நேத்துக் கொன்னுட்டாருன்னு சொல்றாங்க. நாளைக்குக் காலைல கோர்ட்டுல நிறுத்திட்டா, அப்புறம் உள்ளதான்."

"கொன்னாரா?" என்று கேட்டார் சூடாமணி.

"கோழி அறுக்கச் சொன்னாலே கண்ண இறுக்கி மூடிக்கிட்டுத்தான் அறுப்பாரு. ரெண்டு தடவ தன் விரல அறுத்துக்கிட்டாரு."

"பின்ன எதுக்கு அவரைப் புடிச்சாங்க?"

"அந்தய்யா நர்சரி வேலியோரம் ஆனைக்கற்றாழை வெச்சிருந்தாரு. முள்ளு ஒண்ணொண்ணும் கோணூசி மாதிரி. எங்க கன்னுக்குட்டி கண்ணுல ஏறி, கண்ணு போச்சு. இவரு டீக்கடையில நின்னுக்கிட்டு, 'உன் முள்ளாலயே உன்னக் குத்திக் கொல்றேன்'னு கத்துனாரு. நாப்பது பேரு கேட்டாங்க. மூணாம் நாளு, முள்ளு மேல கவுந்து செத்துக் கெடக்காரு மனுசன்."

சோணை குனிந்து சூடாமணியின் காதில் சொன்னான். "அக்கா, கேஸ் முடிஞ்சிருச்சு. புருசன்தான்."

"அப்படியா? சரி, ஆட்டோவ எடு" என்றார் சூடாமணி. சோணை பதினெட்டாவது முறையாகச் சொல்லிவிட்டதில் அவருக்கு ஒரு நிம்மதி; சந்தேகப் பட்டியலில் ஒரு ஆள் கழிந்தது.

சீதாராமனின் நர்சரி நாகமலை புதுக்கோட்டைக்கு மேற்கே நாலு ஏக்கர். பூச்செடி ஒன்றுகூடக் கிடையாது. கற்றாழை, கள்ளி, கல்லைப் போலவே கிடக்கும் செடி, விரலைப் போல நீளும் செடி என்று உலகத்தில் தண்ணீர் இல்லாத இடத்தில் முளைப்பதெல்லாம் அங்கே தொட்டியில் உட்கார்ந்திருந்தது. வாசலில் நின்ற நீலக் கற்றாழையின் முள்ளில் பட்டு ஒரு முறை தண்ணீர் லாரியின் டயர் வெடித்தது. அந்தச் சத்தத்தில் செக்கானூரணியில் ஒரு மாடு கன்று போட்டது. நாளும் நேரமும் கேட்டால் சொல்ல ஆள் இருக்கிறது.

பிணத்தை எடுத்துவிட்டார்கள். நடுப்பாதையில், ஆள் உயரக் கற்றாழை ஒன்றின் மடல்களில் ரத்தம் கறுத்துக் காய்ந்திருந்தது. இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டே விவரித்தார்.

"செடியடியில முளைக்குற குட்டியப் பேர்க்குற சின்னக் கடப்பாரையால பின்மண்டையில ரெண்டு போடு. மண்டை தேங்கா மாதிரி விட்டுருச்சு. அப்படியே முள்ளுல கவுந்துட்டாரு. கழுத்துல மூணு முள்ளு. ஒண்ணு அந்தப் பக்கமே வந்துருச்சு. காலைல பத்துலருந்து பதினொண்ணுக்குள்ள. கடப்பாரையில கைரேகை இல்ல. தரை பூராம் கழுவிட்டான். அது மட்டுமில்லம்மா, வன்மத்தப் பாருங்க. ஹோஸ் பைப்ப எடுத்து, இருக்குற நானூறு தொட்டிக்கும் தண்ணிய விட்டிருக்கான். இதுக்கெல்லாம் தண்ணி ஆகாதுன்னு சீதாராமன் பஸ்ஸுல பக்கத்து சீட்டுக்காரன்கிட்டகூடச் சொல்லுவாரு. ஆளையும் கொன்னு, செடியையும் கொன்னுருக்கான்."

"நானூறுக்குமா?" என்றார் சூடாமணி.

அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் சோணைக்குப் பொறுக்கவில்லை. முதல் தொட்டியில் ஆள்காட்டி விரலை விட்டார். எடுத்தார். அடுத்த தொட்டியில் விட்டார். ஒன்றரை மணி நேரம். சோணை பின்னாலேயே குடை பிடித்துக்கொண்டு போனான். நடுவில் ஒரு கள்ளி அவன் முழங்காலில் முத்தம் வைத்தது.

முடிவில் சூடாமணி ஏழு தொட்டிகளின் மேல் ஏழு கூழாங்கல்லை வைத்திருந்தார். "இந்த ஏழும் காய்ஞ்சு கெடக்கு, சோணை."

"அங்கெல்லாம் பைப்பு எட்டிருக்காதுக்கா."

"ஏழும் ஒரே எடத்துலயா இருக்கு? ஒண்ணு அங்க, ஒண்ணு இங்க. ரெண்டு பக்கத்துத் தொட்டியும் சொட்டச் சொட்ட நனைஞ்சிருக்கு. நடுவுல இருக்குறது மட்டும் எப்படிக் காயும்?"

சோணை தன் பங்குக்கு ஒரு காய்ந்த தொட்டியின் செடியைப் பிடித்துத் தூக்கினான். அது வேரோடு கையில் வந்துவிட்டது. திடுக்கிட்டு, "நான் ஒண்ணும் செய்யலக்கா" என்றான். வேர்கள் ஒட்ட வெட்டப்பட்டு, வெட்டுவாயில் மஞ்சள்தூள் தடவியிருந்தது.

நர்சரியில் வேலை பார்த்த அழகம்மாளைக் கூப்பிட்டார்கள். நேற்றுக் காலை பத்து மணிக்கே உசிலம்பட்டியில் டவுன் பஸ் ஏறி, மதியம் வந்து இறங்கி, பிணத்தைப் பார்த்துப் போட்ட சத்தத்தில் பஸ் நின்று, அதிலிருந்தவர்கள் அத்தனை பேரும் இறங்கி வந்திருந்தார்கள். ஆகவே அவள் எங்கிருந்தாள் என்பதற்கு ஒரு பஸ் சாட்சி.

"மண்ணு மாத்துன செடிங்கம்மா. அழுகுன வேர வெட்டி, மஞ்சத்தூள் வெச்சு, புது மண்ணுல நடுவாரு. காயம் ஆறுற வரைக்கும், ஒரு பத்து நாளைக்கு, சொட்டுத் தண்ணி காட்டக் கூடாது. பட்டா அழுகிரும்."

"மத்த செடியெல்லாம் இப்படி நனைஞ்சிருக்கே, சாகாதா?"

"ஒரு தடவ நனைஞ்சா ஒண்ணும் ஆகாதும்மா. அடிக்கிற வெயிலுக்கு ரெண்டு நாளுல காய்ஞ்சிரும். தெரியாதவங்கதான் செத்துரும்னு பயப்படுவாங்க."

"இத எப்ப மாத்துனாரு?"

"செவ்வாக்கெழம சாயந்தரம் நான் போறப்ப ஒரு செடியும் தொட்டிய விட்டு வரல. நேத்துக் காலைலதான் மாத்திருக்கணும்."

சூடாமணி இறந்தவரின் செருப்பைக் கேட்டார். இன்ஸ்பெக்டர் உறைக்குள்ளிருந்து எடுத்துக் காட்டினார். வலது குதிகாலில் பச்சைச் சாந்து போல ஏதோ ஒட்டி, அதில் வெள்ளை நார்கள் ஓடின.

"ஏதோ செடிய மிதிச்சிட்டாரு" என்றார் இன்ஸ்பெக்டர்.

அழகம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். "தெரியாம மிதிக்கலய்யா. வெள்ளை வரி ஓடுற கற்றாழை ஊர்லயே இவருகிட்ட மட்டுந்தான் இருக்கு. அது குட்டி போட்டா, பேர்த்து எடுத்து இவரே நசுக்கிருவாரு. இன்னொருத்தர் வீட்டுல அது இருக்கக் கூடாதாம். கேட்டு அலையாத ஆள் இல்ல."

கம்பிக் கூண்டுக்குள் இருந்த அந்த வெள்ளை வரிக் கற்றாழையின் அடியில், குட்டி பேர்த்த குழி புதிதாக இருந்தது.

அன்று மாலை மூன்று மணிக்கு எல்லோரும் நர்சரிக் கொட்டகையில் கூடினார்கள். விலங்கு மாட்டிய விருமாண்டி ஒரு பக்கம். சீதாராமனின் அக்கா மகன் ஹரிஷ்குமார் ஒரு பக்கம். நேற்று ஒன்பது மணிக்கு வந்து, இந்த முள்ளுக்காட்டை விற்றுவிடலாம் என்று சொல்லி, மாமாவிடம் வாங்கிய அறை இன்னும் கன்னத்தில் இருந்தது. மூன்றாவது ஆள் மீனலோசனி. மதுரையில் புடவைக் கடை வைத்திருப்பவர், மொட்டை மாடி முழுக்கக் கற்றாழை வளர்ப்பவர், புதன்தோறும் தவறாமல் வரும் வாடிக்கையாளர்.

"நேத்துப் பத்து மணிக்கு வந்தேன். கேட்டு பூட்டியிருந்துச்சு. அப்படியே திரும்பிட்டேன்" என்றார் மீனலோசனி. "போன புதனுக்கு அப்புறம் இன்னைக்குத்தான் உள்ள கால் வைக்கறேன்."

"மாமா என்னைக்குக் கேட்டப் பூட்டினாரு?" என்று ஹரிஷ்குமார் முணுமுணுத்தான்.

பெஞ்சின்மேல் இருபது தொட்டிகள் வரிசையாக இருந்தன. சூடாமணி ஒரு குவளையில் தண்ணீர் மொண்டு, முதல் தொட்டியில் ஊற்றினார். இரண்டாவதில் ஊற்றினார்.

"மேடம், எதுக்கு இது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"வெயிலா இருக்கே" என்றார் சூடாமணி. மூன்று, நான்கு, ஐந்து. விருமாண்டி கொட்டாவி விட்டான். ஹரிஷ்குமார் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்பது, பத்து. குவளை பதினோராவது தொட்டிக்கு மேல் சாய்ந்தது.

"அதுக்கு ஊத்தாதீங்க!" மீனலோசனி எழுந்தேவிட்டார். "வேர் வெட்டியிருக்கு! அழுகிப்போயிரும்!"

குவளை நின்றது.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று சூடாமணி மெதுவாகக் கேட்டார்.

"பாத்தாலே தெரியும்... பத்து வருசமா வளக்கறேன். புது மண்ணு..."

"புது மண்ண எடுத்துட்டு, மேல பழைய மண்ணயும் பழைய கல்லயும் நான்தான் மதியம் பரப்பி வெச்சேன். பத்து வருசம் என்ன, நூறு வருசம் வளத்தாலும் மேலருந்து பாத்துச் சொல்ல முடியாது. வெட்டுனப்பக் கூட நின்னு பாத்தவங்களுக்குத்தான் எந்தச் செடின்னு தெரியும். வெட்டுனது நேத்துக் காலைல."

சூடாமணி குவளையைக் கீழே வைத்தார். "விருமாண்டியா இருந்தா நானூறுக்கும் ஊத்தியிருப்பாரு. ஹரிஷ்குமாரும் அப்படித்தான், அவருக்கு எல்லாம் முள்ளு. ரத்தத்தையும் கால்தடத்தையும் கழுவணும், தெரியாதவன் செஞ்ச மாதிரியும் இருக்கணும்னு எல்லாத் தொட்டிக்கும் தண்ணி விட்டீங்க. மத்ததுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு உங்களுக்குத் தெரியும். ஆனா இந்த ஏழுகிட்ட வந்தப்ப கை தானா விலகிருச்சு. மனுசன் மண்டைய உடைச்ச கைக்கு, காயம்பட்ட வேருல தண்ணி ஊத்த மனசு வரல."

மீனலோசனியின் முகம் கோணியது. "ஆறு வருசம் கேட்டேன். ஒரு குட்டி. நேத்து அவரே கூப்பிட்டாரு. என் கண்ணு முன்னாடி பேர்த்து, உள்ளங்கையில வெச்சு நீட்டினாரு. கைய நீட்டினேன். கீழ போட்டு, குதிகாலால திருகினாரு. சிரிச்சாரு. இன்னும் அந்தச் சத்தம் காதுல கேக்குது."

அடுத்து நடந்ததைச் சோணை பின்னாளில் பலவிதமாகச் சொன்னான், நடந்தது இதுதான். பெஞ்சில் கிடந்த செடி வெட்டும் கத்தி மீனலோசனியின் கைக்குப் போனது. சூடாமணியை நோக்கி வந்த வீச்சில் ஹரிஷ்குமார் குறுக்கே விழ, அவன் முன்கை முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை பிளந்து எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. சோணை புலி போலப் பாய்ந்தான். பாய்ந்த வேகத்தில் ஆளைத் தாண்டிப் போய், அண்டா அளவு உருண்டைக் கள்ளி ஒன்றின்மேல் முழுதாக உட்கார்ந்தான். அவன் போட்ட அலறலில் இன்ஸ்பெக்டரின் துப்பாக்கி கீழே விழுந்தது. கத்தி மறுபடி உயர்ந்தபோது விருமாண்டிதான் விலங்குச் சங்கிலியை மீனலோசனியின் மணிக்கட்டில் கோத்து முறுக்கினான். எலும்பு ஒடியும் சத்தம் கேட்டது, கத்தி விழுந்தது. அத்தனை நேரமும் அவன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருந்தான்.

"இப்பத் தொறக்கலாமா?" என்று கேட்டான்.

கொட்டகை வாசலில் நின்ற பாண்டியம்மாள் ஓடி வந்து, அழுதுகொண்டே அவன் முதுகில் நாலு சாத்துச் சாத்தினாள். "டீக்கடையில இனி வாயத் தொறப்பியா? தொறப்பியா?" இன்ஸ்பெக்டர் விலங்கைக் கழற்றினார், அடிகளுக்கு நடுவே சாவி போடச் சற்று நேரமானது.

சோணையின் பின்புறத்திலிருந்து இருநூற்றுப் பதினான்கு முள் எடுத்தார்கள். இரண்டு நர்ஸ், மூன்று நாள். குப்புறப் படுத்தபடியே, "ஆரம்பத்துலயே அந்தம்மா மேல எனக்கொரு கண்ணுக்கா" என்றான். சூடாமணி, "தெரியும், சோணை" என்று சொல்லிவிட்டு வேர்க்கடலை உரித்தார்.

இனி மிச்சம் ஒரே ஒரு தகவல். சீதாராமனைத் தகனம் செய்து ஆறு மாதமாகிறது. சென்ற செவ்வாய்க்கிழமை அந்த நர்சரிக்குப் போனவர்களுக்குத் தொட்டியைப் பழைய செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்து, "மண்ணு மாத்துனது, பத்து நாளைக்குத் தண்ணி காட்டாதீங்க" என்று சொல்லி அனுப்பியவர் சீதாராமன்.