செய்முறைக்கு முழு மார்க்!

வேதியியல் டீச்சர், தன் பள்ளிக்கூடத்தின் ஆய்வுக்கூடத்திலேயே செத்துக் கிடந்தாள்.

பின்மண்டையில் ரத்தம். மேஜை முனையிலும் ரத்தம். மேஜை மேல் ஒரு பர்னர், பக்கத்தில் பளபளவென்று கேஸ் குழாய்...

இன்ஸ்பெக்டர் குனிந்து, காயத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"முதல்ல பார்த்தது யாரு?"

"நான்தான் மேடம்." முன்னால் வந்தவர் டாக்டர். சொந்த ஆஸ்பத்திரி, இந்தத் தனியார் பள்ளியின் பெற்றோர் சங்கத் தலைவர் பதவி, இரண்டும் அவர் நடையிலேயே தெரிந்தன. "டீச்சர்கிட்ட பேச வந்தேன். கதவைத் திறந்ததும் குப்புன்னு கேஸ் நாத்தம். குழாயை மூடினேன், ஜன்னலைத் திறந்துவிட்டேன். நாடி பார்த்தா... போயிட்டாங்க."

"அப்போ எப்படிச் செத்தாங்கன்றீங்க?"

"கேஸ்ல மயங்கி விழுந்து, மேஜை முனை தலையில இடிச்சிருக்கு. விபத்துதான்."

பள்ளியின் தாளாளர் அவசரமாகத் தலையை ஆட்டினார். ஏசி ஓடியும் அவருக்கு வேர்த்துக் கொட்டியது.

"விபத்துதான் மேடம். சீக்கிரம் முடிச்சீங்கன்னா நல்லது. இன்னிக்குத்தான் புது அட்மிஷன் ஆரம்பம்... கேட்ல பெத்தவங்க நிக்கறாங்க."

ஒருத்தி செத்துக் கிடக்கிறாள். இந்த ஆளுக்கு அட்மிஷன் கவலை! இன்ஸ்பெக்டருக்கு எரிச்சல் உச்சந்தலைக்கு ஏறியது.

தாளாளர் அவளை மெல்ல ஜன்னலோரம் தள்ளிக்கொண்டு போனார். குரல் இறங்கியது.

"உங்க பொண்ணு கவர்மென்ட் ஸ்கூல்தானே? மருத்துவக் கல்லூரி வெயிட்டிங் லிஸ்ட்ல நிக்குதாம்... கேள்விப்பட்டேன்."

"அதுக்கென்ன?"

"மெடிக்கல் அட்மிஷன் கமிட்டியில நமக்கு ஆள் இருக்கு. நீங்க இதை விபத்துன்னு முடிங்க. சீட்டை நான் முடிக்கறேன்."

அறைந்திருப்பாள். கை கூட ஓங்கப் போனது.

நீட் வராத காலம் அது, ப்ளஸ் டூ மார்க்கை வைத்துத்தான் டாக்டர் சீட்டு. அவள் மகள் படித்த பள்ளியில், ஒரு சோதனைக் குழாய்க்கு ஒரு கூட்டமே அடித்துக்கொள்ளும். செய்முறைத் தேர்வன்று அதுவும் கைதவறி உடைந்தது. மார்க்கைக் குறைத்துவிட்டார்கள். அந்த மார்க் இருந்திருந்தால் பெண் இந்நேரம் வெள்ளைக் கோட்டு தைக்கக் கொடுத்திருப்பாள். ராத்திரி தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதிருக்க மாட்டாள். அதே தேர்வில் இந்தப் பள்ளிப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் முழு மார்க்!

பதில் சொன்னால் வாயில் கெட்ட வார்த்தைதான் வரும். கையில் ஒட்டியிருந்த ரத்தத்தைக் கழுவத் தொட்டிப் பக்கம் போனாள். குழாயைத் திருகினாள்.

ஒரு சொட்டு வரவில்லை.

அடுத்த குழாய்... அதுவும் அப்படியே.

சட்டென்று மேஜைக்கு அடியில் குனிந்தாள். டார்ச் அடித்தாள். தொட்டிக்குக் கீழே பைப்பே இல்லை! கேஸ் குழாயை ஒரு திருகாணி போட்டு மரப்பலகையில் முறுக்கியிருந்தார்கள். அதன் அடியில் வெறும் சிலந்திக் கூடு.

எழுந்து பீரோவைத் திறந்தாள். சோதனைக் குழாய்கள் வரிசையாக... கடைக்காரன் சுற்றிக் கொடுத்த பிளாஸ்டிக் கூடப் பிரிக்காமல்.

"என்னய்யா இது?"

தாளாளர் குரலைத் தணித்தார். "அது... அட்மிஷனுக்கு வர்றவங்க ஒரு லேப் பார்க்கணும்னு எதிர்பார்க்கறாங்க மேடம்."

"பசங்க?"

"அவங்களை உள்ள விடறதில்ல. ரெண்டு வருஷமும் எழுத்துப் பரீட்சைக்குத்தான் தயார் பண்றோம். செய்முறைக்கு... மார்க் நாங்களே போட்டுக்கறோம்."

"போட்டுக்கறீங்களா! எங்க பசங்க ஆசிட்ல கையைச் சுட்டுக்கிட்டு மார்க் வாங்கறாங்க. நீங்க இங்க ஏசியில உக்காந்து போட்டுக்கறீங்களா?"

இன்ஸ்பெக்டர் ஒரு அடி முன்னால் வந்தாள்.

"டீச்சர் இதுக்கு என்ன சொன்னாங்க? உண்மையைச் சொல்லு."

"மனசாட்சி உறுத்துதாம்... கமிட்டிகிட்ட எல்லாத்தையும் சொல்லப் போறேன்னாங்க. சொன்னா எங்க பசங்க மெடிக்கல் சீட்டு மொத்தமும் ரத்து."

"அதனால அடிச்சுக் கொன்னுட்டே." விலங்கை எடுத்து அவர் மணிக்கட்டில் மாட்டினாள்.

டாக்டர் உச்சுக் கொட்டினார். "சே... இப்படிப்பட்ட ஆளை நம்பியா பையனைச் சேர்த்தோம்?"

"ஐயோ, நான் இல்ல மேடம்!" தாளாளர் அலறினார். "இதெல்லாம் டம்மின்னு எனக்குத் தெரியும். நான் போய் கேஸ்னு கதை கட்டுவேனா? அவர் கேஸ்னு சொன்னதும் மறுத்தா ஸ்கூல் மானம் போயிடுமேன்னு தலையாட்டினேன். அவ்வளவுதான்!"

கொலையை மறைத்தாலும் மறைப்பார்... விளம்பரத்தைக் கெடுத்துக்கொள்ள மாட்டாராம்!

"எனக்கும் அதேதான் தோணுது" என்றாள் இன்ஸ்பெக்டர். "வாயைத் திறந்து சொல்ல வைக்கத்தான் விலங்கு." கழற்றினாள். "உனக்கு வேற விலங்கு வரும், மார்க் மோசடிக்கு."

திரும்பினாள்.

"இந்த லேப் பொய்னு தாளாளருக்குத் தெரியும். டீச்சருங்களுக்குத் தெரியும். உள்ள வராத பசங்களுக்குக்கூட இங்க எதுவும் நடக்கலைன்னு தெரியும். தெரியாதது ஃபீஸ் கட்டினவங்களுக்கு மட்டும்தான். இல்லையா டாக்டர்? இல்லாத கேஸ் உங்க மூக்குக்கு மட்டும் எப்படி நாறிச்சு?"

டாக்டர் முகம் வெளுத்தது. உதடு கோணியது.

"எங்கப்பா டாக்டர்... தாத்தா டாக்டர்... என் பையன் சீட்டை ஒரு வாத்தியாரம்மா பிடுங்கறதா? கெஞ்சினேன். கேக்கலை. பிடிச்சுத் தள்ளினேன்..."

விலங்கு பூட்டிக்கொண்டது. ஆனாலும் அவர் ஆத்திரம் முழுக்கத் தாளாளர் மேல்தான்.

"அடப்பாவி! கேட்டப்பெல்லாம் கொட்டிக் கொடுத்தேனே... ஒரு கேஸ் கனெக்‌ஷன் கூடவா குடுக்கலை?"

இன்ஸ்பெக்டர் அவரை வாசல் பக்கம் நகர்த்தினாள்.

"நுகர்வோர் கோர்ட்டுல புகார் குடுங்க சார். ஜெயில்ல இருந்தும் குடுக்கலாம்!"