துடுப்பின் இரண்டாவது தட்டு

ஒரே ஒரு தட்டுதான் கேட்டது.

லெம்பி தோணியின் முன்பலகையில் உட்கார்ந்து, துடுப்பை இரு விளிம்புக்கும் குறுக்கே வைத்து அழுத்திப் பிடித்திருந்தாள். முகம் ஏரியைப் பார்த்திருந்தது. பின்னால் கரைச் சரளை நெரிந்தது, தோணியின் அடி கல்லை உரசி விடுபட்டது, பின்பலகை கனத்தது. பிறகு துடுப்புக் காம்பால் அலுமினிய விளிம்பில் ஒரு தட்டு. அக்கா ஹில்யா எப்போதும் இரண்டு தட்டுவாள். ஏறியாச்சு, போகலாம் என்று அதற்கு அர்த்தம். முப்பது வருஷத்தில் அது ஒன்றாகக் குறைந்ததே இல்லை.

"என்னக்கா, தட்டக்கூடத் தெம்பில்லையா?" என்றாள் லெம்பி.

துடுப்பு நீரில் இறங்கும் சத்தம் மட்டும் வந்தது. மூச்சு வாங்குகிறது போலிருக்கிறது, பேச வைத்துப் படுத்த வேண்டாம் என்று லெம்பியும் துடுப்பைப் போட்டாள்.

ஏரியில் பனிக்கட்டி உடைந்து எட்டு நாள்தான் ஆகியிருந்தது. மாலைக் காற்றில் சூடு மிச்சமிருந்தது, தண்ணீரில் துளியும் இல்லை. அதனால் ஏரி முழுக்க மூடுபனி எழுந்து நின்றது. இன்னும் வெளிச்சம் போகவில்லை. ஆனால் துடுப்பு நுனிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. எதிரே எங்கோ ஒரு தீவு, அதில் அவர்களுடைய கூடாரம்.

திரும்பிப் பார்த்திருக்கலாமே என்று கேட்பவர்கள் தோணியில் மீன் பிடிக்கப் போகாதவர்கள். முன்னால் இருப்பவள் திரும்பவே கூடாது. இருபது வருஷத்துக்கு முன் இதே மாதிரி ஒரு மே மாதம், ஹில்யா பிடித்த மீனைப் பார்க்கும் ஆசையில் லெம்பி சட்டென்று திரும்பினாள். தோணி கவிழ்ந்தது. அந்தக் குளிரில் பத்து நிமிஷத்தில் கைகால் கேட்காது. ஹில்யாதான் அவளை முடியைப் பிடித்துக் கரைக்கு இழுத்தாள், இழுத்த கையோடு ஓர் அறையும் விட்டாள். "முன்னாடி இருக்கிறவ முன்னாடி பாரு. எனக்கு நெஞ்சு வெடிச்சாலும் திரும்பாதே." அன்றிலிருந்து லெம்பி திரும்பியதில்லை. ஏறும்போதும் அப்படித்தான், முன்னவள் முதலில் ஏறிக் குந்துவாள், பின்னவள் தள்ளிவிட்டு ஏறித் தட்டுவாள். திருப்புவதும் பின்னவள்தான். முன்னவளிடம் இருப்பது தோள்பலம் மட்டுமே.

நெஞ்சு வெடிப்பதைப் பற்றி ஹில்யா சொன்னது இந்தக் குளிர்காலத்தில் கிட்டத்தட்ட நடந்துவிட்டது. டுலூத் நகர ஆஸ்பத்திரியில் இதயக் குழாய்க்கு ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். மீன்பிடிப் பருவம் தொடங்கும் நாளில் வீட்டில் இரு என்று டாக்டர் சொன்னதற்கு, "வீட்ல உக்காந்தாத்தான் எனக்குத் திரும்ப வரும்" என்று அவரையே அடக்கிவிட்டாள். ஹில்யா கண்ணாடியைத் தலையில் வைத்துக்கொண்டே வீடெல்லாம் கண்ணாடி தேடுகிறவள். அதனால் நாக்கடியில் வைக்கும் மாத்திரை டப்பா லெம்பியின் சட்டைப்பையில் இருக்கும் என்ற ஒப்பந்தத்தில்தான் ஹில்யாவின் புருஷன் ஆர்வோ அனுப்பினான். தோணியை லாரியில் கட்டும்போது லெம்பியைத் தனியே கூப்பிட்டு, "ரெண்டு பேரா போறீங்க. ரெண்டு பேரா வந்துடுங்க" என்றான்.

இன்று காலை தீவிலிருந்து இந்தக் கரைக்கு வந்து, காட்டுப்பாதையில் தோணியைச் சுமந்து ஊசி ஏரிக்குப் போனார்கள். வால்ஐ என்கிற ஏரிமீன் நாலு கிடைத்தது. நாலாவதன் செவுள் ஹில்யாவின் கட்டைவிரலைக் கிழித்துவிட்டது. லெம்பி பையிலிருந்த நீல ஒட்டுநாடாவைச் சுற்றிப் பல்லால் கடித்து அறுத்துவிட்டாள். "மீனைக் கடிக்கிறதுக்கு முன்னாடி என்னையே கடிச்சிட்டியேடி" என்று ஹில்யா சிரித்தாள். ஏலக்காய் ரொட்டி தின்றார்கள். அப்புறம் ஏரி நடுவில் ஹில்யாவின் சிரிப்பு நின்றது. பின்னாலிருந்து துடுப்பின் தட்டைப் பக்கம் லெம்பியின் முழங்கைக்கு அருகே நீண்டது. இரு பலகைக்கும் இடையே பத்தடி. எதையும் துடுப்பில் வைத்துத்தான் கொடுப்பார்கள், வாங்குவார்கள்.

"ஒண்ணு குடு. ரெண்டு வேண்டாம்."

லெம்பி ஒரு மாத்திரையை வைத்தாள். துடுப்பு பின்னால் போனது. கொஞ்ச நேரத்தில் ஹில்யா உறிஞ்சும் சத்தமும், "கசப்புக்கு ஒரு ரொட்டி குடுடி" என்ற பேச்சும் வந்தபிறகுதான் லெம்பிக்கு உயிர் வந்தது.

அதனால் திரும்பி வரும்போது தோணியை லெம்பி சுமந்தாள். தூண்டில்களும் மீன்கோர்வையும் மட்டும் ஹில்யாவுக்கு. "வளைவுக்கு வளைவு உக்காந்து வா, அவசரமில்லை" என்று சொல்லிவிட்டுத் தோணியைத் தலைக்குமேல் கவிழ்த்துத் தூக்கினாள். தலை உள்ளே போய்விட்டால் தன் கால்களும் முழநீளப் பாதையும்தான் தெரியும். முதல் வளைவு தாண்டியதும் பின்னால் காலடி கேட்டது. இரண்டாவது வளைவிலும் கேட்டது. அவள் நின்றால் நின்றது, நடந்தால் நடந்தது. பரவாயில்லையே, நம்மோடு ஈடுகொடுத்து நடக்கிறாளே என்று லெம்பி சந்தோஷப்பட்டாள். கரையில் தோணியை நீரில் இறக்கியபோதும் மூடுபனிக்குள் அந்தக் காலடிதான் கேட்டது, அவள் வழக்கம்போல் முன்னால் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

அந்தக் காலடியோடு தூண்டில் கொக்கிகள் கலகலக்கவில்லை. அது இப்போதுதான், மூடுபனிக்குள் இருபது துடுப்பு போட்டு வந்தபிறகுதான் நினைவுக்கு வந்தது.

தோணிக்குள் தூண்டில்களைக் கிடத்திய சத்தமும் கேட்கவில்லையே?

கேட்டிருக்கும், நாம் கவனிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டாள். வலத்தோள் எரிய ஆரம்பித்தது. பதினைந்து துடுப்புக்கு ஒருமுறை ஹில்யா "ஹட்" என்பாள். இருவரும் பக்கம் மாற்றிக்கொள்வார்கள். இன்று முப்பதாகியும் வரவில்லை.

"அக்கா, தோள் கழண்டு விழுந்தாத்தான் ஹட் சொல்லுவியா?"

சற்று நேரம் நீர் சொட்டியது.

"ஹட்."

ஹில்யாவின் குரல்தான். லெம்பிக்கு அப்பாடா என்றிருந்தது. இடப்பக்கம் மாற்றினாள். மூன்று துடுப்புதான் போட்டிருப்பாள்.

"ஹட்."

மாற்றினாள். இரண்டு துடுப்பு.

"ஹட்."

எதற்குச் சொல்கிறோம் என்றே தெரியாத ஒருவர் சொல்வதுபோல இருந்தது. லெம்பி மாற்றவில்லை. மாரடைப்பு வந்தவர்கள் சிலசமயம் குழம்பிப் பேசுவார்கள் என்று நர்ஸ் சொன்னது ஞாபகம் வந்து, அவள் பயம் முழுக்க அந்தப் பக்கம் ஓடியது. "அக்கா, நெஞ்சு எப்படி இருக்கு? உண்மையைச் சொல்லு."

முழங்கைக்கு அருகே துடுப்பின் தட்டைப் பக்கம் நீண்டது.

"ஒண்ணு குடு. ரெண்டு வேண்டாம்."

மதியம் சொன்ன அதே சொற்கள், அதே இடைவெளி, அதே இழுப்பு. லெம்பி டப்பாவைத் திறந்து ஒரு மாத்திரையை வைத்தாள். துடுப்பு பின்னால் போனது. உறிஞ்சும் சத்தத்துக்காகக் காத்திருந்தாள்.

பொளுக்.

தண்ணீரில் சின்னதாக ஏதோ விழுந்தது.

அப்போதுதான் அவளுக்கு வாசனை உறைத்தது. ஹில்யாவிடம் எப்போதும் கற்பூரத் தைல நெடி அடிக்கும், குளிர்காலம் முடிந்தாலும் கழுத்தில் தடவுவதை விடமாட்டாள். இப்போது பின்னாலிருந்து வந்தது ஏரியடிச் சேறு, நெடுநாள் ஊறிய இலை, நங்கூரக்கல்லைத் தூக்கும்போது கூடவே வரும் அந்தக் கறுப்புக் குளிர். மங்கிய மேற்கு வெளிச்சம் இடக் கன்னத்தில் விழ வேண்டும். வலக் கன்னத்தில் விழுந்தது. தோணி தீவுக்குப் போகவில்லை. அகன்ற நீருக்குப் போய்க்கொண்டிருந்தது. முன்மூக்கும் வழக்கத்தைவிட நாலு விரல் உயர்ந்திருந்தது. ஹில்யா பருமன்தான், ஆனால் இவ்வளவு இல்லை.

"அக்கா?"

பின்னால் துடுப்பு நீரைத் தள்ளியது. சீராக.

அப்போது கரையிலிருந்து குரல் வந்தது. வெகு தூரம் பின்னால், விட்டுவந்த கரையிலிருந்து. மூடுபனி அதைப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தது.

"லெம்பீ! எங்கேடி போறே, என்னை விட்டுட்டு?"

கூடவே கொக்கிகளின் கலகல. மூச்சு இரைத்தது. இந்தக் குரலில் மூச்சு இரைத்தது.

லெம்பியின் துடுப்பு நின்றுவிட்டது. பின்னால் இருந்த துடுப்பு நிற்கவில்லை.

"விளையாடாதே, வா. நெஞ்சு பிடிக்குதுடி. மாத்திரை உன்கிட்டதான் இருக்கு."

"வர்றேன்க்கா! உக்காரு! நடக்காதே, உக்காரு!" என்று கத்தினாள். மண்டியிட்டு, துடுப்பை வலப்பக்கம் தூரமாகக் குத்தித் தன்பக்கம் இழுத்தாள். முன்மூக்கு திரும்பியது. நல்லது. இன்னொன்று. திரும்பியது. பின்னால் ஒரே ஒரு மெதுவான துடுப்பு வீச்சு. தோணி பழைய திசைக்கே வந்து நின்றது. அவள் மறுபடி இழுத்தாள். மறுபடி ஒரு வீச்சு. அவசரமே இல்லாமல். சின்னக் குழந்தையின் கையிலிருந்து கரண்டியை வாங்குவதுபோல.

குதித்துவிடலாமா? கரை எவ்வளவு தூரமென்று தெரியவில்லை. பாதியில் கை நின்றுபோகும், மாத்திரையும் அவளோடு முழுகிப்போகும்.

"லெம்பி..." கரைக்குரல் தணிந்திருந்தது.

ஒரே வழிதான் இருந்தது. திரும்ப வேண்டும். திரும்பி, எதுவாக இருந்தாலும், துடுப்பால் அதை அடிக்க வேண்டும். தோணி கவிழ்ந்தால் கவிழட்டும். அக்கா செத்துக்கொண்டிருக்கிறாள். லெம்பி விளிம்பைப் பிடித்தாள். தோளைத் திருப்பினாள். கழுத்தைத் திருப்பினாள். ஓரக்கண்ணில் அலுமினியம் பளிச்சிட்டது, அதன்மேல் ஈரமாக ஏதோ,

"முன்னாடி இருக்கிறவ முன்னாடி பாரு."

இருபது வருஷத்துக்கு முந்தைய அதே அதட்டல். அன்று கரையில் அவர்கள் இருவரைத் தவிர யாருமில்லை. தண்ணீர் இருந்தது.

லெம்பி முன்னால் பார்த்தாள்.

பயத்தில்தான் பார்த்தாள். அக்காவைவிடத் தன் பயம் பெரிதாகிவிட்டது என்பது அந்த நொடியே அவளுக்குத் தெரிந்தது. வெட்கத்தில் அழுதாள். அழுதுகொண்டே முன்னால் பார்த்தாள்.

கரையில் தூண்டில்கள் சரளையில் விழுந்தன. கொக்கிகள் கலகலவென்று சிதறின. அதன்மேல் கனமாக ஒன்று சாய்ந்தது.

பிறகு ஒன்றுமில்லை.

"அக்கா."

"ஹில்யாக்கா."

முன்மூக்கு இன்னும் நாலு விரல் உயர்ந்தது. தோணி ஆடவில்லை. யாரும் ஏறவில்லை. ஆனால் பின்பக்கம் கனத்தது, விளிம்பருகே நீர் ஏறும் சலசலப்பு கேட்டது. சேற்று நெடிக்குள் மெல்லக் கற்பூரத் தைலம் கலந்தது.

டொக்.

அலுமினிய விளிம்பில் துடுப்புக் காம்பு. லெம்பி டப்பாவை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள். வேண்டாம், வேண்டாம் என்று உதடு மட்டும் அசைந்தது.

டொக்.

வலத்தோளுக்கு மேலாக ஒரு கை வந்தது. துடுப்பு இல்லை, கை. பத்தடிக்கு அப்பாலிருந்து, தோணி இம்மியும் அசையாமல், அவள் முகத்துக்கு முன்னால் வந்து உள்ளங்கையை விரித்தது. தண்ணீரில் வெகுநாள் ஊறி வெளுத்த கை. விரல் இடுக்குகளில் நீர் சொட்டியது. கட்டைவிரலில் நீல நாடா சுற்றியிருந்தது. அதன் முனையில் அவள் பல் கடித்த தடம்.

"ஒண்ணு குடு. ரெண்டு வேண்டாம்."

இந்த முறை மூச்சு இரைத்தது.