பாதிக் குலைகள்

மாலைச் செவ்வானம் மங்கி, கீழ்வானில் எழுந்த முழுமதி சிலம்பாற்றின் அலைகளில் வெள்ளியை உருக்கி வார்த்துக்கொண்டிருந்த வேளையில், கரும்பாறைக் கோட்டையின் ஆற்றங்கரை மண்டபத்தில் இளவரசி பைந்தொடி சற்றும் கலங்காத முகத்துடன் வீற்றிருந்தாள். வெண்குன்றத்து இளவரசன் கொற்றனை மணக்கச் சம்மதமா என்று அன்றிரவே அவள் தந்தையிடம் சொல்லியாக வேண்டும். அவள் கொற்றனைக் கண்டதில்லை. அவன் மதுவில் மூழ்கிக் கிடப்பவன் என்று ஊரெல்லாம் பேச்சு. ஆனால் ஊர்ப் பேச்சை அப்படியே விழுங்கிவிடும் பெண்ணல்ல நம் பைந்தொடி என்பதை, அன்பார்ந்த வாசகர்களே, இதோ காணப் போகிறீர்கள்.

வெண்குன்றத்து அரசர் தோட்டத்தில் விளைந்த திராட்சைத் தேறலுடன் வந்திருந்த தூதன் சாத்தன் கிண்ணத்தை நிரப்பி நீட்டினான். ஒரு மிடறு பருகியவள் வியந்து போனாள்.

"எங்கள் ஆற்றங்கரைத் திராட்சை கொழுகொழுவென்று காய்க்கிறது. தேறலோ சப்பென்றிருக்கிறது. உமது நாட்டில் மட்டும் இத்தனை சாரம் எப்படி வந்தது, தூதரே?"

"தங்கள் கொடிகள் செல்லப் பிள்ளைகள், தேவி. வண்டல் மண்ணில் வேண்டிய மட்டும் நீர் குடிக்கின்றன. எங்கள் கொடிகளுக்குக் கல் நிறைந்த மலைச்சரிவுதான் வீடு. வேர் ஆழத்துக்குப் போய்த்தான் நீர் தேட வேண்டும். அதனால் கனி சிறுத்து, சாறு கெட்டிப்படும். காலை வெயில் படும்படி இலைகளையும் கிள்ளிவிடுவோம்."

"அவ்வளவுதானா?"

தோட்டத்தைப் பற்றிப் பேசப் பேசத் தூதனுக்குரிய அடக்கம் அவனிடமிருந்து எங்கோ போய்விட்டது. "இல்லை தேவி. பாதிக் குலைகளைப் பிஞ்சிலேயே அறுத்து எறிந்துவிட்டேன். கொடியின் பலமெல்லாம் மிஞ்சியவற்றுக்குச் சேர வேண்டுமல்லவா?"

பைந்தொடி கிண்ணத்தைக் கீழே வைத்தாள். உள்ளுக்குள் அவளுக்குச் சிரிப்புப் பொங்கியது.

"அரசர் தோட்டத்தில் ஒரு குலையை அறுத்தாலும் கையை வெட்டுவது உங்கள் நாட்டு வழக்கம். பாதி விளைச்சலை அறுத்து எறிந்த தங்களுக்கு இரண்டு கைகளும் பத்திரமாக இருக்கின்றனவே, இளவரசே?"

சாத்தன் என்ற பெயரில் தூதனாக வந்திருந்த கொற்றன், இடைக்கச்சையிலிருந்து முத்திரை மோதிரத்தை எடுத்து விரலில் அணிந்துகொண்டான்.

"தங்களை நேரில் கண்டு பேசத்தான் இந்த வேடம். என்னைப் பற்றி ஊரில் சொல்வதைத் தாங்களும் கேட்டிருப்பீர்கள்."

"கேட்டேன். குடிகாரனுக்குப் பாதியை வீசி எறிய மனம் வருமா? என் சம்மதத்தைத் தந்தையிடம் சொல்லப் போகிறேன். ஆனால் இனி என்னிடம் வேடம் கூடாது."

"இந்தச் சிலம்பாற்றின்மீது ஆணை, தேவி."

அவள் எழுந்து நடந்து, வாயிற்படியில் நின்று திரும்பினாள்.

"காலையில் எங்கள் தோட்டத்துக்கு வாருங்கள். கத்தியை மறந்துவிட வேண்டாம்."