கீழ்ப்புறமும் பார்க்கவும்

கையில் பட்ட சிவப்புச் சாயம் மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தால் போய்விடும். இந்த முறை ஒரு மாதமாகியும் தசரதனின் விரலிடுக்கில் அது காயாமல் ஈரமாகவே இருந்தது.

தொண்ணூற்றைந்தாம் வருஷத்து மார்கழி. கீழ்க்கட்டளையில் அவன் வீட்டுக்குள் விடியற்காலைப் பனியும் ஸ்டவ் புகையும் கலந்த வாடைக்கு அடியில், அவன் வேலை செய்யும் வேன் கம்பெனிக் கொட்டகையின் மருந்து நெடி மெல்ல எழும்பிக்கொண்டிருந்தது. அங்கே எஞ்சினியர் ஸ்ரீநிவாசராகவன் வேனைக் கம்ப்யூட்டரிலேயே ஓட்டிப் பார்ப்பார். பாரம் தாங்கும் இரும்பு திரையில் சிவப்பு. சும்மா கிடக்கும் இரும்பு நீலம். நீலத்தை இழைத்து இழைத்தே முப்பது கிலோ குறைத்துவிட்டார். இளைத்த அடிச்சட்டத்தை மேடையில் போட்டுக் குலுக்கிய பிறகு விரிசல் பார்ப்பது தசரதன் வேலை. சாயம் பூசித் துடைத்து, வெள்ளைப் பொடி தூவிக் காத்திருக்க வேண்டும். விரிசலுக்குள் ஒளிந்த சாயம் வெள்ளையின் மேல் சிவப்பு இழையாகக் கசிந்து வரும்.

அந்தச் சாயம் பட்ட அன்று சார் ஒரு சீட்டு நீட்டினார். நாற்பத்தெட்டு வயதில் மகள் ஜெயக்கொடியிடம் எழுத்துக் கற்றவன் அவன். கூட்டிப் படிக்க நேரமாகும். சார் எதிரிலேயே நின்றார். வெட்கம் பிடுங்கித் தின்றது. "படிச்சிட்டேன் சார்" என்றான். சட்டத்தின் மேல்புறம் மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டான். சட்டம் வேனாகி ரோட்டுக்கு வந்த பிறகுதான், சட்டைப்பையில் கிடந்த சீட்டை எழுத்தெழுத்தாகப் படித்தான். ஒன்பதாவது மூட்டில் கீழ்ப்புறமும் பார்க்கவும். சாரிடம் சொல்ல மூன்று முறை அறை வாசல்வரை போய்த் திரும்பினான்.

அதே வேனில்தான் ஜெயக்கொடி வேறொரு கம்பெனி வேலைக்குப் போகிறாள். எங்க நைனா கையெழுத்து போட்ட வண்டி என்று கூட வரும் பெண்களிடம் பீற்றிக்கொள்வாள்.

அவள் கண்ணாடி முன் பவுடர் பூசிக்கொண்டிருந்தாள். காதுக்குக் கீழே, வெள்ளையின் மேல், மயிரிழை போல ஒரு சிவப்பு.

துடைத்தான். மறுபடி கசிந்தது.

"இன்னா நைனா, பவுடர் ஜாஸ்தியாப் பூடுச்சா?"

"இன்னிக்கு பஸ்ல போம்மா."

"இன்னாத்துக்கு? வண்டிதான் வாசலாண்டயே வருதே."

படிக்கவில்லை என்று சொல்ல வேண்டும். எழுத்துச் சொல்லிக்கொடுத்தவளிடம்.

ஹாரன்.

"சும்மா சொன்னேன்" என்றான்.

அவள் ஓடிப்போய் ஏறினாள். கையெழுத்துக்காரரு நிக்கிறாரு பாருடி என்று உள்ளே ஒருத்தி கேலி பேசினாள். பனிக்குள் வேனின் உள்விளக்கு எரிந்தது. பன்னிரண்டு பெண்கள். பன்னிரண்டு முகத்திலும் பவுடர். சிரித்தபடி அவன் பக்கம் திரும்பினார்கள்.

காதிலிருந்து தொண்டைவரை. ஒவ்வொரு கழுத்திலும். சிவப்பு இழை.

மெல்ல வாய் பிளந்துகொண்டிருந்தது.