கரண்டிக் காம்பு

"இந்தாங்க அண்ணி, பாத்துக்கோங்க. நாளையிலேர்ந்து இதுதான் மெனு!"

கொழுந்தன் வீசிய அட்டை சாப்பாட்டு மேசையில் வழுக்கிக்கொண்டு வந்து, அவளுடைய டீ டம்ளரில் முட்டி நின்றது. விடிந்து ஏழு மணிகூட ஆகவில்லை. அதற்குள் வீட்டில் அடுப்புக்கு முன்னால் பேச்சு சூடேறிவிட்டது.

அட்டை நல்ல கனம். அவளுடைய கல்யாணப் பத்திரிகையைக்கூட இவர்கள் இத்தனை கனமாக அடித்ததில்லை. உள்ளே பன்னிரண்டு வகையாக இருந்தது ஏழாகச் சுருங்கியிருந்தது. விலை மட்டும் இரண்டு மடங்காகப் பெருத்திருந்தது.

மாடியில் வீடு, கீழே உணவகம். மொத்தம் பதினெட்டே நாற்காலி. வருகிறவர்கள் இது வேண்டும் அது வேண்டும் என்று கேட்க முடியாது. சமையல்காரர் என்ன வைக்கிறாரோ அதைத்தான் சின்னச் சின்னத் தட்டுகளில், ஒன்றன்பின் ஒன்றாகச் சாப்பிட வேண்டும். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே விலை. அதற்கும் மூன்று மாதம் முன்பே இடம் சொல்லி வைக்க வேண்டும். இத்தனை கிராக்கியும் ஒரே ஒருவருடைய கைக்கு. அவர் அவளுடைய புருஷன். சமையலறையில் அவரைப் 'பெரியவர்' என்பார்கள். விலை வைப்பது, வருகிறவர்களைச் சிரித்து உட்காரவைப்பது எல்லாம் அவருடைய தம்பி. நீ என்ன வேலை பார்க்கிறாய் என்று அவளைக் கேட்டால், "சும்மா கூடமாட இருக்கேன்" என்பாள். கேட்டவர்களும் அதை அப்படியே நம்பிவிட்டுப் போவார்கள்.

"ஏழு வகைக்கு இவ்வளவு விலையா தம்பி? சாப்பிடறவங்க வயித்தெரிச்சல் பட மாட்டாங்களா?"

"அவங்க வயித்துக்காக வர்றதில்ல அண்ணி, கண்ணுக்காக வர்றாங்க! அதுக்குத்தானே நடுச்சுவரை இடிச்சோம். இனிமே அண்ணன் சமைக்கிறதை உட்கார்ந்த இடத்துலேர்ந்தே பாக்கலாம். அந்தக் காட்சிக்குத்தான் விலை." அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான். "அதனால... தப்பா எடுத்துக்காதீங்க... நீங்க இனிமே அடுப்புப் பக்கம் வர வேண்டாம். பின்னாடி பாத்திரம் கழுவற இடத்தைப் பாத்துக்கோங்க."

அவளுக்குச் சுருக்கென்றது.

"நான் என்ன தம்பி பண்ணினேன்?"

"எல்லாப் பானையிலயும் அந்தப் பழைய கரண்டியை விட்டு நக்கிப் பாக்கறீங்களே, அதைப் பாத்தா இந்த விலை குடுக்கறவன் எழுந்து போயிட மாட்டானா?"

"நல்லாக் கேளுடா!" என்றாள் மாமியார், நாற்காலியில் சாய்ந்தபடியே. "ரெண்டு வருஷமா நானும் பாக்கறேன். என் புள்ள கைபட்டா கல்லும் ருசிக்கும். அவன் சமைச்சதை இவ சரிபாக்கறாளாம்! புருஷன் மேல அவ்வளவு நம்பிக்கை!"

அவள் புருஷனைப் பார்த்தாள். ஒரு வார்த்தை... ஒரே ஒரு வார்த்தை சொல்லமாட்டாரா? அவரோ பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையைப்போல அட்டையையே படித்துக்கொண்டிருந்தார்.

"சரி தம்பி" என்றாள் அவள். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் அதிகமாகச் சொன்ன சொல் அதுதான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் பெரியவருக்கு ஒரு காய்ச்சல் வந்தது. பத்து நாளில் காய்ச்சல் போய்விட்டது. போகும்போது நாக்கையும் மூக்கையும் கூடவே கொண்டுபோய்விட்டது. உப்பும் சர்க்கரையும் அவருக்கு ஒன்றாகிப்போயின. பார்க்காத வைத்தியம் இல்லை. கடைசி டாக்டர் கையை விரித்த அன்று, அத்தனை பெரிய மனுஷன் அவள் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குழந்தைபோல அழுதார்.

"யார்கிட்டயும் சொல்லிடாதே... அம்மா தாங்க மாட்டா. தம்பி என்னைப் பாவமா பாப்பான். அந்தப் பார்வையை என்னால பொறுக்க முடியாது. சத்தியம் பண்ணு!"

பண்ணினாள். அன்றிலிருந்து அவருக்கு அவள்தான் நாக்கு. ஒவ்வொரு பானையையும் ருசி பார்ப்பாள். பார்த்துவிட்டுக் கரண்டியை மூடிமேல் வைப்பாள். காம்பு அவரைப் பார்த்திருந்தால் உப்புப் போதாது. சுவரைப் பார்த்திருந்தால் சரி. கரண்டி கவிழ்ந்திருந்தால் கூடிவிட்டது. வாய் திறக்காமலே இரண்டு வருஷம் இப்படி ஓடியது. பெரியவர் கையில் மந்திரம் இருக்கிறது என்று எழுதாத பத்திரிகை இல்லை. மாமியார் அதையெல்லாம் வெட்டி வைத்துக்கொண்டு, அவளிடமே வாசித்துக் காட்டச் சொல்வாள். கண்ணில் புரை விழுந்தவளாயிற்றே! அவளும் கொஞ்சம்கூடக் குரல் மாறாமல் வாசிப்பாள்.

அன்று மத்தியானம் பெரியவர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நீ இல்லாம நான் எப்படிடி..."

"தராசு வச்சுக்கோங்களேன். கிராம் கணக்கா எழுதித் தர்றேன்."

"எதிர்ல பதினெட்டுப் பேர் பாத்துக்கிட்டு இருப்பாங்க. நான் உப்பை நிறுத்துப் போட்டா என்ன நினைப்பாங்க?"

ஊருக்குப் பெரியவர், உப்பை நிறுத்துப் போட்டால் கௌரவம் குறைந்துவிடுமாம்! அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. உட்கார்ந்து ஏழு வகையையும் அவரோடு சேர்ந்து ஒரு முறை செய்து பார்த்தாள். அவளுடைய பழைய கரண்டியால் அளந்து, எதற்கு எத்தனை கரண்டி உப்பு என்று சின்னத் துண்டுச் சீட்டில் எழுதினாள். சூப்புக்கு மூன்று. மீனுக்கு ஒன்று. சாஸுக்கு அரை. அவர் அதை மனப்பாடம் செய்துகொண்டு சீட்டைக் கிழித்துப்போட்டார்.

மறுநாள் காலையில் கொழுந்தன் செய்த காரியம் அவர்கள் இரண்டு பேருக்குமே தெரியாது. புதுச் சமையலறையில் பழைய சாமான் எதற்கு என்று எல்லாவற்றையும் பெட்டியில் அள்ளிப்போட்டுவிட்டு, ஒரே மாதிரி பளபளவென்று புது ஜாடிகள், புதுக் கரண்டிகள் வாங்கி அடுக்கினான். மீந்த ஜாடிகளை மாடிக்கும் கொண்டுவந்து, அங்கேயிருந்த உப்பையும் சர்க்கரையையும் அதில் கொட்டி வைத்தான். அழகு பார்க்கிறவன்! புதுக் கரண்டி பார்வைக்குப் பழையது போலத்தான் இருந்தது. குழி மட்டும் ஆழம் அதிகம். அதை நாக்கு கண்டுபிடிக்கும். பயந்துபோன கண் கண்டுபிடிக்காது.

மத்தியானம் பன்னிரண்டரைக்கு விருந்து ஆரம்பித்தது. அவள் பின்கட்டில் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றாள். முதல் தட்டு காய்கறி, கையால் ஒரு சிட்டிகை உப்புத் தூவினாலே போதும். அது வழித்துச் சாப்பிட்டதாகத் திரும்பி வந்தது. அவளுக்குப் போன உயிர் வந்தது. அடுத்தது சூப். ஐந்து நிமிஷம் ஆயிற்று. கிண்ணங்கள் வந்தன. ஒரு கிண்ணம்கூடக் காலியாக இல்லை! எல்லாவற்றிலும் ஒரு வாய் மட்டும் குறைந்திருந்தது.

எச்சில் என்றுகூடப் பார்க்காமல் விரலை விட்டு நாக்கில் வைத்தாள். கரித்துக் கொட்டியது.

அதற்குள் மீன் தட்டில் ஏறிக்கொண்டிருக்கும். அதுவும் இதே கதிதான். போகாதே என்றிருக்கிறார்கள். போனால் பதினெட்டுப் பேர் பார்ப்பார்கள். போகாவிட்டால்... அவர் அங்கே ஒன்றும் தெரியாமல், தனியாக, சிரித்துக்கொண்டு நிற்பாரே!

ஈரக் கையைத் துடைக்கக்கூட இல்லை. ஓடினாள்.

"அண்ணி!" என்று பல்லைக் கடித்தான் கொழுந்தன். அவள் காதில் வாங்காமல் சாஸைத் தொட்டு ருசி பார்த்தாள். அடுப்பின்மேல் கிடந்த கரண்டியைக் கவிழ்த்து வைத்தாள். பெரியவர் முகம் வெளுத்துப்போயிற்று.

முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து நின்று, "என்ன சார் இது, இவ்வளவு விலை வாங்கிக்கிட்டு? சமைச்சவர் வாயில வச்சே பாக்கலயா?" என்று கேட்டார்.

பெரியவர் உதடு அசைந்தது. உண்மை வந்துவிடுமோ என்று அவள் முந்திக்கொண்டாள்.

"அவர் பாத்துப் பக்குவமாத்தான் வச்சிருந்தாரு. நான்தான் தெரியாம மறுபடியும் உப்புப் போட்டுட்டேன். என் தப்பு. மன்னிச்சிடுங்க."

அத்தனை முகங்களும் பெரியவரைப் பார்த்துத் திரும்பின.

"ஆமா" என்றார் அவர்.

அவ்வளவுதான். சத்தியம் வாங்கியவர் அவர், காப்பாற்றியவள் அவள். அந்த ஒரு 'ஆமா'வைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

ஏழு வகையில் இரண்டோடு விருந்து முடிந்தது. வாங்கிய விலையைத் திருப்பிக் கொடுத்து வாசல்வரை போய்க் கும்பிட்டுவிட்டு வந்த கொழுந்தன், மாடிக்கு ஏறினதும் வெடித்தான்.

"பொறாமை அண்ணி உங்களுக்கு! அண்ணன் பேர் மட்டும் அட்டையில இருக்கேன்னு பொறாமை!"

"குடும்பத்துக்கே உலை வச்சுட்டாளே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள் மாமியார். "என் புள்ள மானம் கப்பலேறிப் போச்சே!"

அவள் சுவரோரம் நின்றாள். திட்டெல்லாம் அவளுக்குப் பழகினதுதான். பெரியவர் கடைசியாக வாய் திறந்தார். தரையைப் பார்த்தபடி சொன்னார்.

"கொஞ்ச நாள் உங்க அக்கா வீட்ல இருந்துட்டு வா."

"நீங்களா... நீங்களாங்க சொல்றீங்க?"

அவர் நிமிரவே இல்லை.

மறுநாள் காலை அவள் பெட்டியும் கையுமாகக் கூடத்துக்கு வந்தாள். எட்டரை பஸ். இனி அவள் கை இந்த வீட்டு அடுப்பில் படக்கூடாது என்று மாமியாரே அன்று டீ போட்டிருந்தாள். தட்டுத் தடுமாறித்தான் போட்டாள், ஆனால் போட்டுவிட்டாள். முதல் டம்ளர் மூத்த பிள்ளைக்கு.

அவர் மடக் மடக்கென்று குடித்துவிட்டுக் கீழே வைத்தார்.

"எப்படிடா இருக்கு? எத்தனை வருஷமாச்சு நான் போட்டு!"

"பிரமாதம்மா. உன் கை மாதிரி வருமா? சர்க்கரை அளவா இருக்கு."

எதைக் கொடுத்தாலும் அப்படிச் சொல்லிச் சொல்லிப் பழகிப்போனவர். கொழுந்தன் தன் டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தான்.

"த்தூ! என்னம்மா இது? உப்பு!"

"உப்பா?" மாமியார் தன்னுடையதை வாயில் வைத்தாள். முகம் கோணியது. "ஐயையோ... எல்லா ஜாடியும் ஒரே மாதிரி இருக்கேடா..."

பிறகு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பெரியவருடைய காலி டம்ளரைப் பார்த்தார்கள்.

"அத்தை!" என்றாள் அவள் அவசரமாக. பெட்டியைக் கீழே வைத்துவிட்டு வந்தாள். "அவருக்கு மட்டும் சர்க்கரை போட்டிருப்பீங்க. ரெண்டு ஜாடியிலேர்ந்தும் எடுத்திருப்பீங்க... டம்ளரைக் குடுங்க, கழுவிடறேன்..."

கொழுந்தன் அதற்குள் டம்ளரை எடுத்துவிட்டான். அடியில் நின்ற கடைசிச் சொட்டை விரலில் தொட்டு நாக்கில் வைத்தான்.

"அண்ணா... இதுவும் உப்புதாண்ணா."

பெரியவர் மேசையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டார்.

"ரெண்டு வருஷமாச்சுடா" என்றார். "அந்தக் காய்ச்சலோட போச்சு. ஒண்ணும் தெரியல எனக்கு. நீங்க கொண்டாடின ருசியெல்லாம் அவளோடது. நேத்து உப்புப் போட்டவன் நான்... அவ இல்ல. ஆமான்னு சொன்னேனே, பாவி... அந்த வாய் அழுகிப்போக!"

மாமியார் தடவித் தடவி வந்து மருமகளைப் பிடித்துக்கொண்டாள். "என்னைப் பெத்தவளே! என்னவெல்லாம் சொன்னேன் உன்னை... ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லக் கூடாதா?" என்று அவள் தோளிலேயே ஓவென்று அழுதாள். கொழுந்தன் நிற்க மாட்டாமல் அவள் காலருகே மண்டியிட்டான்.

"அண்ணி, போகாதீங்க. புது அட்டை அடிச்சுடலாம். பழையபடி பன்னிரண்டு வகை, பழைய விலை, உங்க பேரையும் போட்டு..."

"எனக்கு ருசிதான் தம்பி தெரியும். சமைக்கிறது அவர் கை. ரெண்டும் சேர்ந்தாத்தான் ஒரு சமையல்காரர்."

"சேர்ந்தே நில்லுங்களேன்!"

"மாட்டேன்" என்றார் பெரியவர். குரலில் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. "நாக்கு செத்தவன் சமைக்கிறான்னு பாக்க வருவாங்க. அதுக்கு இன்னும் அதிகமாக்கூட விலை வைக்கலாம். என்னால ஆகாதுடா. இனிமே நான் அடுப்பு முன்னால நிக்க மாட்டேன்."

யார் சொல்லியும் அவர் கேட்கமாட்டார் என்று அவளுக்குத் தெரியும். கொழுந்தனுக்கும் தெரிந்திருக்க வேண்டும். மெல்ல எழுந்து கீழே போனான். வாசலில் மாட்டியிருந்த விலை அட்டையைக் கழற்றுகிற சத்தம் கேட்டது. மூன்று மாதத்துக்கு இடம் சொல்லி வைத்திருந்தவர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டு, இனி இல்லை, இனி இல்லை என்று சொல்லத் தொடங்கினான். நல்லவள் என்று பெயர் கிடைத்துவிட்டது அவளுக்கு. அந்தப் பெயரோடு நின்று சமைக்க ஓர் அடுப்புத்தான் இல்லை.

எட்டரை பஸ் தெருமுனையில் திரும்பிப் போயிற்று. பெட்டி வைத்த இடத்திலேயே இருந்தது. அவள் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். திட்ட வேண்டும் என்று நேற்று முழுக்க எத்தனையோ சேர்த்து வைத்திருந்தாள். ஒன்றுகூட வரவில்லை. அவர் அவள் மடியில் சாய்ந்தார். அவள் கண்ணீர் அவர் கன்னத்தில் விழுந்து, அவர் கண்ணீரோடு கலந்து, உதட்டுக்கு வழிந்தது. அவர் அதை நாக்கால் தொட்டுப் பார்த்தார். ரொம்ப நேரம் வாயில் வைத்துப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார்.

"ஒண்ணும் தெரியலம்மா" என்றார். "இதுல உப்பு இருக்குமில்ல?"

"இருக்குங்க."

"எவ்வளவு?"

அவள் அவருடைய கன்னத்தில் வழிந்ததை விரலால் தொட்டு, இரண்டு வருஷப் பழக்கத்தில், கண்ணை மூடி ருசி பார்த்தாள்.

"சரியா இருக்குங்க" என்று சொல்லிவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.