பெருமாயி ஆஜர்

குழந்தைவேல் நாமக்கல்லில் வந்து இறங்கியபோது ஆவணி வெயில் மண்டையைப் பிளந்தது. ஆனாலும் கறுப்புக் கோட்டைக் கழற்றவில்லை. கழற்றிவிட்டால் சட்டம் படித்தவன் என்று ஊருக்கு எப்படித் தெரியும்? அப்பனுக்குப் பரமத்தி வேலூரில் வாழைத் தோட்டம். மகனுக்கோ சேற்றைக் கண்டால் மூக்கைப் பொத்திக்கொள்ளும் வியாதி. பட்டணத்துப் படிப்பு உருப்படியாகக் கற்றுக்கொடுத்தது அது ஒன்றுதான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நாலாம் வருஷம் அது. ஒரு சீனியரிடம் ஒரு வருஷம் வேலை பழகி, அவர் நற்சான்று கொடுத்தால்தான் ஹைகோர்ட்டில் கையெழுத்துப் போட்டு வக்கீலாகலாம். இவனுக்கு வாய்த்த சீனியர் குமாரசாமி. மலைக்கோட்டைக்கு அடியில் ஒரு பழைய ஓட்டு வீடு அவருடைய ஆபீசு. பட்டப்பகலிலும் உள்ளே இருட்டு, வௌவால் புழுக்கை நாற்றம். குமாரசாமிக்கு நெற்றி நிறைய விபூதி, வாய் நிறையப் பொய். படிக்காத கட்சிக்காரர் வந்தால் முதல் காரியமாக வெற்றுக் காகிதத்தில் நாலைந்து கைநாட்டு வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொள்வார். "அவசரத்துக்கு ஆகும்" என்பார். யாருடைய அவசரம் என்று ஒருத்தரும் கேட்டதில்லை.

முதல் நாளே வெண்ணந்தூரிலிருந்து கந்தம்மாள் வந்து நின்றாள். அவள் ஆத்தா பெருமாயியின் நிலத்தை ஆத்தாவின் கொழுந்தன் அப்புசாமி வளைத்துப் போட்டதில் குமாரசாமி மூலம் வழக்கு நடந்துகொண்டிருந்தது.

"ஆத்தா போய்ப் பத்து நாளாச்சுங்க சாமி. அந்த ரெண்டு ஏக்கராவும் கெணறும் போச்சுன்னா நானும் எம் புள்ளைகளும் நடுத்தெருவுலதானுங்க நிக்கோணும். கேசு எப்பங்க?"

குழந்தைவேல் சீனியரைப் பார்த்தான். அவர் கண்ணைச் சிமிட்டினார்.

"அடுத்த மாசம். போ, போ. கைநாட்டுக்கெல்லாம் சட்டம் சொன்னா வெளங்குமா?" என்றான் குழந்தைவேல். சொல்லிவிட்டுச் சிரிப்பு வேறு.

உண்மையில் வழக்கு நாளை மறுநாள். அப்புசாமி ஏற்கெனவே பின்வாசல் வழியாக வந்து குமாரசாமியைக் கவனித்துவிட்டுப் போயிருந்தான். பெருமாயியின் ரேகை விழுந்த வெற்றுக் காகிதம் பெட்டியிலிருந்து வெளியே வந்தது. "வழக்கை வாபஸ் வாங்க மனப்பூர்வமாகச் சம்மதிக்கிறேன்" என்று சீனியர் சொல்லச் சொல்ல, பையன் முத்து முத்தாக எழுதினான். செத்தவள் உயிரோடிருந்த தேதியாகப் பார்த்துப் போட்டான். படித்த கையல்லவா!

எழுதும்போது மஞ்சள் வாடை வந்தது. ஈரத்துணி வாடையும்.

திரும்பிப் பார்த்தான். யாருமில்லை.

"கோர்ட்டுல முனிசீப் ஆளை நேர்ல கேப்பாருங்களே?" என்றான்.

"ஒரு கிழவியப் புடிச்சுட்டு வா. எல்லாக் கிழவியும் ஒண்ணுதான்."

கோர்ட்டு வாசலில் மோர் விற்கும் ஆராயி அகப்பட்டாள். என்ன கேட்டாலும் "ஆமாங்க சாமி" என்று சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான் பாடம்.

வழக்கு நாள் காலை பதினோரு மணி. கோர்ட்டு நிறைய ஆள். ஆராயியை மட்டும் காணோம். டவாலி சேவகன் வாசலில் நின்று கூப்பிட்டான்.

"பெருமாயீ..."

குழந்தைவேல் வாசலை எட்டிப் பார்த்தான். பாழாய்ப்போன கிழவி எங்கே தொலைந்தாள்?

"பெருமாயீ..."

குமாரசாமி பல்லைக் கடித்துக்கொண்டு அவனை முறைத்தார்.

"பெருமாயீ..."

வாடைதான் முதலில் வந்தது.

"வந்துட்டனுங்க."

முக்காடு போட்ட கிழவி ஒருத்தி அடிமேல் அடி வைத்து, தரையைத் தேய்த்துக்கொண்டு வந்தாள். அப்பாடா, நன்றாகத்தான் நடிக்கிறாள் என்று நினைத்தான் அந்தப் புத்திசாலி. கிழவி கூண்டேறித் திரும்பினாள்.

அது ஆராயி இல்லை.

தாடையிலிருந்து உச்சிவரை வெள்ளைத்துணி கட்டியிருந்தது. காலைப் பார்த்தான். கட்டைவிரல் இரண்டையும் சேர்த்து முடிந்திருந்தது.

கைக் கட்டைவிரல்களையும்.

முனிசீப் தலைநிமிராமல் கேட்டார். "இது உன் கைநாட்டா?"

வாய் அசையவில்லை. குரல் மட்டும் வந்தது.

"ரேகை என்னுதுதானுங்க சாமி. மேல எழுதுனது நா போனதுக்கப்புறமுங்க. இந்த வக்கீல் சாமி எழுதுனாரு."

கோர்ட்டே சலசலத்தது. முனிசீப் நிமிர்ந்தார். கிழவியிடம் அவர் வித்தியாசமாக எதையும் பார்த்ததாகத் தெரியவில்லை. "ஒத்துப்பார்க்க வேண்டும். இன்னொரு ரேகை வாங்கும்" என்று குழந்தைவேலிடம் மைப்பெட்டியைக் காட்டினார்.

கிழவி இரண்டு கையையும் அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"கட்டியிருக்குதுங்க. கொஞ்சம் அவுத்து உடுங்க."

"என்ன நிற்கிறீர்? கையைப் பிடித்து வையும்!" என்றார் முனிசீப். அந்த முடிச்சு வேறு யார் கண்ணுக்கும் தெரியவில்லை.

அவன் அவிழ்த்தான். விரல் பனிக்கட்டியாகச் சில்லிட்டது. முடிச்சு ஈரத்தில் இறுகியிருந்ததால் நகத்தால் கெல்ல வேண்டியதாயிற்று. 

இரண்டு ரேகையும் ஒன்றாகவே இருந்தன. வாபஸ் மனு தள்ளுபடி. 'பெருமாயி, நேரில் ஆஜர்' என்று குறிப்பு ஏறியது. குழந்தைவேல் தலைநிமிர்ந்தபோது கூண்டில் யாருமில்லை. வாசலில் ஆராயி மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"நேரமாயிப்போச்சுங்க சாமி. கூப்புட்டுட்டாங்களா?"

அதற்கப்புறம் கந்தம்மாள் வேறு வக்கீலை வைத்து நடத்தி, ரெண்டு ஏக்கராவையும் கிணற்றையும் வாங்கிவிட்டாள். குமாரசாமி, பையன் எங்கே வாயைத் திறந்துவிடுவானோ என்று, நற்சான்றைத் தேனொழுக எழுதிக் கொடுத்தார். பையனும் வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டான். ரோஷம் இருந்தால்தானே!

மறு வருஷம் சென்னை ஹைகோர்ட்டில் வக்கீல் பட்டியலில் கையெழுத்துப் போடும் நாள். புதுக் கோட்டு, புதுப் பேனா. பெயரைக் கூப்பிட்டார்கள். குழந்தைவேல் எழுந்து பேனாவை எடுக்கப் போனான்.

வலக்கை தனியாக வரவில்லை. இடக்கையும் கூடவே வந்தது.

குனிந்து பார்த்தான். இரண்டு கட்டைவிரலையும் சேர்த்து வெள்ளைத் துணிக் கிழிசல் சுற்றியிருந்தது. அதிலிருந்து மஞ்சள்நீர் புதுக் கோட்டில் சொட்டிக்கொண்டிருந்தது. இழுத்தான், பல்லால் கடித்தான். முடிச்சு இறுகியது. மறுபடியும் பெயரைக் கூப்பிட்டார்கள். பக்கத்தில் நின்றவனிடம் இரண்டு கையையும் நீட்டினான்.

"கொஞ்சம் அவுத்து உடுங்க..."

அவன் மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"எதை?" என்றான்.