இரண்டாவது சாவி

ஒரு வாரம் கழித்துக் காலையில் காரில் ஏறி உட்கார்ந்தவரின் முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. இருக்கை ஒரு சாண் முன்னால் வந்திருந்தது. பின்பக்கம் பார்க்கிற கண்ணாடியும் கீழே குனிந்திருந்தது. அவருடைய உயரத்துக்கு அதில் ஒன்றும் தெரியவில்லை. அது அவர் மனைவியின் உயரம். அவள் போய் எட்டு மாதம் ஆகிறது.

பல் செட் செய்கிற வேலை அவருக்கு. நாள் முழுக்க யார் யாருடைய வாய் அச்சையோ கையில் வைத்துச் சுரண்டிக்கொண்டிருப்பார், பேசத்தான் ஒரு வாய் கிடையாது. வீட்டிலும் அதே கதை. அவள் இருந்தவரை சண்டை போடவாவது ஆள் இருந்தது, அதில் பாதிச் சண்டை இந்தக் காருக்காக. சாவியை நுழைத்துத் திருகுகிற வண்டி இல்லை இது. சாவி சட்டைப்பையில் இருந்தால் போதும், கிட்டே போனதும் திறந்துகொள்ளும். வந்திருப்பது யாருடைய சாவி என்று பார்த்து இருக்கையையும் கண்ணாடியையும் அந்த ஆளுக்குத் தகுந்தபடி நகர்த்தும்; இன்று காலை மட்டும் அவருடைய சாவிக்கு நகரவில்லை. முதல் சாவி அவருடையது, இரண்டாவது அவளுடையது. சவப்பெட்டியை மூடுவதற்கு முன், யாரும் பார்க்காத நேரத்தில், அந்த இரண்டாவது சாவியை அவள் கைக்குள் வைத்துவிட்டார். பைத்தியக்காரத்தனம்தான். அன்றைக்கு என்னவோ அப்படிச் செய்யத் தோன்றியது.

கார் அலாரம் பழுது பார்க்கிறவரைக் கூப்பிட்டார். எல்லாரும் அவரைப் 'பூட்டு' என்றே கூப்பிடுவார்கள். பேச ஆரம்பித்தால் அவர் வாய்க்கு மட்டும் பூட்டே கிடையாது. சாவி இல்லாமலே வண்டி தூக்குகிற கூட்டம் பெருகிவிட்டது என்றார். ஒருத்தன் வீட்டு வாசலில் கருவியோடு நின்று, உள்ளே கிடக்கிற சாவியின் சிக்னலைப் பிடித்து அனுப்புவான். இன்னொருத்தன் கார் பக்கத்தில் நின்று அதை வாங்கிக் காட்டுவான். சாவியே வந்துவிட்டது என்று கார் ஏமாந்துபோகும். அதனால் சாவியை வாசல் பக்கம் மாட்டக்கூடாது, தகர டப்பாவில் போட்டு இறுக்கி மூட வேண்டும், ஸ்டியரிங்குக்குத் தனியாக ஓர் இரும்புப் பூட்டு போட வேண்டும். இவ்வளவும் சொல்லிக்கொண்டே தன் கருவியைக் காரில் செருகிப் பார்த்தவர், சட்டென்று பேச்சை நிறுத்தினார்.

"உங்க சாவி இல்ல சார். ரெண்டாவது சாவிலதான் தெறந்திருக்கு. ஏழு நாளா, தினம் சாயங்காலம் ஆறே முக்காலுக்கு. அது எங்க இருக்கு?"

"தொலைஞ்சு போச்சு."

"அப்ப அது பக்கத்துல எவனோ நிக்கிறான் சார். அந்தச் சாவிய வண்டியிலேருந்து அழிச்சிடுறேன். ரெண்டு நிமிஷ வேலை."

அழித்துவிட்டால் இந்த இருக்கை இனி ஒரு நாளும் அவள் உயரத்துக்கு வராது. அவளுடையது என்று இந்த உலகத்தில் தானாக அசைகிற ஒரே பொருள் இதுதான். வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பூட்டு அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

மதியம் கல்லறைக்குப் போனார். மண் யாரும் கை வைக்காமல் அப்படியே கிடந்தது, மேலே புல்கூட முளைத்துவிட்டது. யாரும் தோண்டவில்லை. பயமாக இருந்தது. கூடவே, வெட்கமில்லாமல், சந்தோஷமாகவும் இருந்தது. அவளைத் தவிர வேறு யார் வரப்போகிறார்கள்?

ஆறரைக்கு, அவர் குடியிருக்கிற அடுக்குமாடிக் கட்டடத்தின் அடித்தளத்தில் கார் நிறுத்துகிற இடத்தில், தன் காரின் ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, கதவுகளை உள்ளிருந்து பூட்டிக்கொண்டார். தன் சாவியைத் தகர டப்பாவில் போட்டு மூடி மடியில் வைத்திருந்தார். மேல் வீடுகளின் தண்ணீர் சுவருக்குள்ளிருந்த குழாயில் கடகடவென்று இறங்கி ஓய்ந்தது. எங்கோ ஒரு குழந்தை அழுது அடங்கியது. ஈரச் சிமெண்ட்டும் பழைய டயரும் கலந்த வாடை கண்ணாடி இடுக்கு வழியாக உள்ளே வந்துகொண்டிருந்தது. தூணுக்குப் பின்னால் ஒரு டியூப் லைட் எரியவா வேண்டாமா என்று துடித்துக்கொண்டிருந்தது. ஈ காக்கா இல்லை.

ஆறே முக்கால்.

பூட்டுகள் படக்கென்று விடுபட்டன. விளக்குகள் இரண்டு தரம் கண் சிமிட்டின. ஓட்டுநர் இருக்கை மெல்ல உறுமி முன்னால் நகர்ந்து, அவளுடைய இடத்தில் வந்து நின்றது. கண்ணாடி குனிந்தது. கதவு திறந்தது. மூடியது.

யாரும் தெரியவில்லை. ஆனால் இருக்கையின் மெத்தை அழுந்தியது.

அவருக்குக் கண்ணில் நீர் முட்டியது.

"நீயாம்மா?"

ஈர மண் வாடை அடித்தது. நான்கு பூட்டுகளும் ஒன்றாக விழுந்தன.

இருக்கை பின்னால் போக ஆரம்பித்தது.

அவளுடைய இடத்தைத் தாண்டியது. அவருடைய இடத்தையும் தாண்டியது. இன்னும் போனது. பின்னிருக்கையில் முட்டிய பிறகும் மோட்டார் முனகியது. அவள் இல்லை. அவளுக்கு அவ்வளவு நீளக் கால் இல்லை. எந்த மனுஷனுக்கும் இல்லை.

கதவின் கைப்பிடியை இழுத்தார். அசையவில்லை. இழுத்தார். டப்பா கை நழுவிக் கீழே விழுந்து உருண்டது.

பிரேக் அழுந்தியது. இன்ஜின் உயிர் பெற்றது.

கண்ணாடி மெதுவாக நிமிர்ந்தது. கூரையைப் பார்க்கிற அளவுக்கு நிமிர்ந்தது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது.

அப்புறம் அவர் பக்கம் திரும்பியது.